முப்பது நாள் கணக்கு

நியூயார்க் நகரில் வீட்டின் ஓர் அறையை நாலு நாள் வாடகைக்கு விடுபவர், வந்து தங்குபவரிடம் அந்த அறைக்கென்று தனிச் சாவி கொடுக்கக் கூடாது. ஊர் பார்க்கக் கிளம்பும்போது அவர் அறையைப் பூட்டிக்கொண்டு போக வழி இருக்கக் கூடாது. வீட்டுக்காரரும் அந்த நாலு நாளும் அதே வீட்டில்தான் இருந்தாக வேண்டும். காசு கொடுத்துத் தங்குபவர்கள் இரண்டு பேரைத் தாண்டக் கூடாது. இத்தனைக்கும் முன்னால் மாநகர அலுவலகத்தில் 145 டாலர் கட்டிப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். வருபவர் 30 நாளோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால் இந்த விதிகள் எதுவும் அவரைத் தொடாது.

2023 செப்டம்பர் 5 அன்று இந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது, வீடுகளையும் அறைகளையும் இணையம் வழியே வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்கும் ஒரு மாநகரத்துக்கும் நடந்த சண்டையின் கடைசிச் சுற்றாகப் பத்திரிகைகள் இதை எழுதின. அந்தச் சண்டை உண்மைதான். ஆனால் தங்குவது வேறு, குடியிருப்பது வேறு என்ற பிரிவும், நடுவே நிற்கும் முப்பது நாள் எல்லையும், வீட்டுக்காரர் கூடவே இருக்கிறாரா என்ற கேள்வியும் இணையம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அந்த ஊரில் வேர்விட்டவை. முன்பின் தெரியாதவருக்கு அறை விடும் தொழிலை நியூயார்க் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கட்டுப்படுத்திப் பார்த்திருக்கிறது. சில முறை அது உயிர்களைக் காத்தது. சில முறை ஏழைகளின் தலைக்கு மேலிருந்த கூரையையே பிடுங்கியது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தவர்கள் போய் இறங்கிய இடம் போர்டிங் வீடு. பெரும்பாலும் ஒரு விதவையோ, கணவர் சம்பாத்தியம் போதாத பெண்ணோ நடத்தியது. வாரக் கணக்கில் பணம். அறையும் சாப்பாடும் சேர்த்து. எல்லோருக்கும் ஒரே மேஜை. கவிஞர் வால்ட் விட்மன் இளவயதில் பத்திரிகை வேலை பார்த்தபோது இப்படிப்பட்ட வீடுகளில்தான் தங்கினார்; ஊரில் பாதிக்கு மேல் போர்டிங் வீட்டில்தான் கிடக்கிறது என்ற பொருள்பட எழுதியும் வைத்தார். 1857இல் தாமஸ் பட்லர் கன் என்பவர் இந்த வீடுகளை வகை பிரித்து ஒரு முழுப் புத்தகமே போட்டார். நடிகர்களுக்கென்று ஒரு வீடு, மருத்துவ மாணவர்களுக்கென்று ஒரு வீடு, சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குக்கூட ஒரு வீடு என்று அதில் வருகிறது. தங்கியவர்கள் யாரும் அங்கே சுற்றுலாப் பயணிகள் அல்லர். குமாஸ்தாக்கள், தையல்காரிகள், புதிதாக மணமான தம்பதிகள். அதுதான் அவர்களுக்கு வீடு. அவர்களைக் கண்காணித்த ஒரே அதிகாரம், அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் வீட்டுக்கார அம்மாள்.

சட்டம் முதலில் நுழைந்தது இந்த நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் அல்ல, ஏழைகளின் ஒண்டுக்குடித்தனங்களுக்குள். 1867இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய முதல் ஒண்டுக்குடித்தனச் சட்டத்தின் தலைப்பிலேயே தங்கல் வீடுகளும் சேர்ந்திருந்தன. இருபது பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும், தீப்பிடித்தால் தப்பிக்க வெளிப்படிக்கட்டு வேண்டும் என்றது அது. இருபது பேருக்கு ஒன்று என்பதே அன்றைக்கு முன்னேற்றம் என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஜேக்கப் ரீஸ் என்ற டென்மார்க்காரர் 1870இல் கையில் காசில்லாமல் அந்த ஊரில் அலைந்தவர். தங்க இடமில்லாதவர்கள் ஒதுங்குவதற்குக் காவல் நிலையங்களின் அடித்தளத்தில் பலகை போட்டிருப்பார்கள். ஒரு மழை இரவில் அப்படி ஒதுங்கிய இடத்தில் அவருடைய தங்க லாக்கெட் திருடு போயிற்று. புகார் சொன்னவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். கூடவே வந்த நாய்க்குட்டியை ஒரு காவலர் அடித்துக் கொன்றார். அதை அவர் மறக்கவே இல்லை. பிற்காலத்தில் குற்றச்செய்தி நிருபராகி, வெளிச்சத்துக்கு மக்னீசியத் தூளைக் கொளுத்திக்கொண்டு இருட்டு அறைகளைப் படமெடுத்தார். பேயார்ட் தெருவில் ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு தரையிலும் பரணிலும் ஆட்களை அடுக்கிப் படுக்கவைத்த ஓர் அறையின் படம் உலகப் புகழ் பெற்றது. காவல் ஆணையத்தின் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பழைய நிலையத்தைக் காட்டினார். 1896இல் காவல் நிலையத் தங்கல்கள் மூடப்பட்டன.

சீர்திருத்தக்காரர்களின் கோபம் அடுத்து வீட்டுக்குள் தங்கவைத்த ஆட்கள் மேல் திரும்பியது. லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த குடும்பங்கள், இரண்டு மூன்று அறை கொண்ட வீட்டில், அடுக்களைத் தரையிலோ முன்னறை நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டோ ஊர்க்காரர் ஒருவருக்கு இடம் கொடுப்பார்கள். அந்த வாடகை இல்லாமல் வீட்டு வாடகை கட்ட முடியாது. 1901 ஒண்டுக்குடித்தனச் சட்டத்தை வடித்தவரான லாரன்ஸ் வெய்லர் இந்த வழக்கத்தை ஒரு தீமை என்றே அழைத்தார். அவர் கொண்டுவந்த சட்டம் வெளிச்சத்தையும் காற்றையும் ஒவ்வோர் அறைக்கும் உரிமையாக்கியது. அது பெரிய காரியம். ஆனால் வீட்டில் தங்கவைத்த அந்த ஆள் போய்விட்டால் வாடகையின் குறையை யார் கட்டுவது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஒரு விதியை எழுதினால் மக்கள் அதைச் சுற்றி எப்படிக் கட்டடம் கட்டுவார்கள் என்பதற்கு 1896ஆம் ஆண்டின் ரெயின்ஸ் சட்டத்தைவிட நல்ல சான்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குடியைத் தடுக்க வந்த சட்டம் அது. ஓட்டல்களுக்கு மட்டும், விருந்தாளிகளுக்குச் சாப்பாட்டோடு மது பரிமாற விலக்கு உண்டு. ஓட்டல் என்றால் குறைந்தது பத்துப் படுக்கையறை வேண்டும். விளைவாக மதுக்கடைக்காரர்கள் மாடியில் பலகைத் தடுப்பு வைத்துப் பத்து அறை ஒப்பேற்றி ஓட்டல் பலகை மாட்டினார்கள். யாரும் தின்னாத ஒரே ரொட்டித் துண்டு மேஜை மேஜையாகச் சுற்றி வந்தது. மேல் அறைகளை நிரப்ப ஆள் வேண்டுமே; அவை விலைமாதர் விடுதிகளாயின. குடியைக் குறைக்க வந்த சட்டம் நகரம் முழுக்கப் பொய் ஓட்டல்களை முளைக்கவைத்தது. அவற்றை ஒழிக்க மதிப்புமிக்க குடிமக்கள் குழு அமைத்துப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இதே காலத்தில் நேர்மையான விடை ஒன்றும் எழுந்தது. சுரங்கத்திலும் வங்கித் தொழிலிலும் செல்வம் சேர்த்த டேரியஸ் ஆக்டன் மில்ஸ், பிளீக்கர் தெருவில் 1897இல் மில்ஸ் ஹவுஸ் என்ற மாளிகையைத் திறந்தார். வடிவமைத்தவர் எர்னஸ்ட் ஃபிளாக். இரண்டு பெரிய உள்முற்றங்கள், மேலே கண்ணாடிக் கூரை, சுற்றிலும் அடுக்கடுக்காகச் சுமார் 1,500 அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டிலுக்கும் நாற்காலிக்கும்தான் இடம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சன்னல் உண்டு. ஓர் இரவுக்கு 20 சென்ட். தனி ஆண்களுக்கு மட்டும். படிக்க நூலகம், குளிக்க வசதி, கீழே மலிவான சாப்பாடு. பகலில் அறையில் இருக்கக் கூடாது, வேலை தேடிப் போக வேண்டும் என்று கண்டிப்பும் உண்டு. தர்மச் சத்திரம் இல்லை, லாபத்துக்கே நடத்துகிறேன் என்று மில்ஸ் சொல்லிக்கொண்டார். பூட்டிக்கொள்ளக் கதவுள்ள ஓர் அறை, கூலிக்காரன் கொடுக்கக் கூடிய விலையில். நியூயார்க் இந்தத் துறையில் செய்த காரியங்களில் இதைவிட மேலானது எதுவும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மாநில ஆளுநராக இருந்த 1929இல் பல்குடியிருப்புச் சட்டம் வந்தது. இன்றுவரை எல்லா வழக்குகளும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் மைல்கல் அதுதான். கட்டடங்களை அது இரண்டாகப் பிரித்தது: நிலையாகக் குடியிருப்பவர்களுக்கானவை ‘ஏ’ வகுப்பு, வந்து போகிறவர்களுக்கானவை ‘பி’ வகுப்பு. பிரிவுக்குப் பின்னால் இருந்தது தீ. தினமும் அதே மாடிப்படியில் ஏறி இறங்குபவருக்குப் புகை மூட்டத்திலும் கால் வழி கண்டுபிடிக்கும். நேற்று இரவு வந்தவருக்குத் தெரியாது. ஆகவே ஓட்டல் வகைக் கட்டடங்களுக்குத் தப்பும் வழியும் எச்சரிக்கை மணியும் கூடுதலாக வேண்டும் என்றார்கள். வாடகைச் சட்டம் இதோடு இன்னொரு கணக்கைப் பின்னர் சேர்த்தது. விடுதி அறையில் தொடர்ந்து 30 நாள் இருந்துவிட்டவரை நீதிமன்றத்துக்குப் போகாமல் வெளியேற்ற முடியாது. முப்பது நாள் என்பது முதலில் இப்படித்தான் பொருள்பட்டது: ஏழை ஒருவர் விருந்தாளி என்ற நிலையிலிருந்து குடித்தனக்காரராக மாறும் நாள்.

ஓட்டல்களில் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், கறுப்பினப் பயணிகளை ஏற்கும் இடங்களைத் திரட்டி 1936இல் ‘கிரீன் புக்’ என்ற கையேட்டை வெளியிட்டார். முதல் பதிப்பு நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும். பிறகு நாடு முழுவதும் விரிந்தது. அதில் ஓட்டல்களோடு சுற்றுலா இல்லங்கள் என்றொரு பட்டியலும் வரும். அவை தனியார் வீடுகள். ஓட்டல் கதவுகள் சாத்தப்பட்ட ஊர்களில் ஓர் ஆசிரியையோ நாவிதரோ தன் வீட்டின் பின்னறையை வழிப்போக்கருக்குக் கொடுத்தார்கள். 1964 குடிமை உரிமைகள் சட்டம் தங்குமிடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆனால் உரிமையாளர் தானே குடியிருந்து ஐந்து அறைக்கு மேல் வாடகைக்கு விடாத வீடுகளுக்கு விலக்கு அளித்தது. வீட்டுக்காரர் அதே கூரையின் கீழ் இருந்தால் அது அவர் வீடு, இல்லையென்றால் அது தொழில் என்ற கோடு அங்கேயும் இருந்தது. அந்த இடத்தில் அது பாகுபாடு காட்டுபவருக்குத் துணை நின்றது.

பெருமந்தத்திலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் நியூயார்க்கின் பெரிய வீடுகளை அறை அறையாக வெட்டினார்கள். ஆளுக்கு ஓர் அறை, தளத்துக்குப் பொதுவான குளியலறை. மேன்ஷன் வாழ்க்கை என்று நாம் சொல்வோமே, அது. நூற்றாண்டின் நடுவில் இப்படிச் சுமார் 2 லட்சம் அறைகள் இருந்தன என்பது ஆய்வாளர்கள் தரும் கணக்கு. சமையல்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள், ஓய்வுபெற்ற மாலுமிகள், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் எனப் பலரும் அங்கே இருந்தார்கள். கூட்டமும் அழுக்கும் அதிகரித்ததைக் கண்ட நகரம், 1955இல் இனி புதிதாக ஒற்றையறைக் கட்டடம் கூடாது என்று தடை போட்டது. 1970களில் அடுத்த அடி விழுந்தது. இருக்கும் கட்டடங்களை இடித்துத் திருத்தி நல்ல அடுக்ககமாக்கினால் வரிச்சலுகை என்றது நகரம். உரிமையாளர்கள் வெந்நீரை நிறுத்தினார்கள், மாடிப்படி விளக்கை அணைத்தார்கள், குடியிருந்தவர்களை விரட்டினார்கள்.

விரட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதை அந்தப் பத்தாண்டின் இறுதியில் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். ராபர்ட் ஹேஸ் என்ற இளம் வழக்கறிஞர் 1979இல் தொடுத்த வழக்கு, 1981இல் ஓர் ஒப்பந்தமாக முடிந்து, வீடற்ற ஆண்களுக்கு இடம் தர வேண்டியது நகரத்தின் கடமை என்றாக்கியது. 1980களின் நடுவில் நகரம் விழித்துக்கொண்டு, ஒற்றையறைக் கட்டடங்களை இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று சட்டம் போட்டது. காலி அறைகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டே ஆக வேண்டும் என்றும் கூட்டிச் சேர்த்தது. 1989இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சீவால் வழக்கில் அதை ரத்து செய்தது. தனியார் சொத்தை இழப்பீடின்றிப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பு. மிஞ்சிய அறைகள் இன்று பழைய எண்ணிக்கையில் ஒரு சிறு பங்கு.

2000களில் அந்த மிச்சத்தின் மேல் இணையம் வந்து உட்கார்ந்தது. அப்போது ஏர்பிஎன்பி பிறக்கவில்லை. அப்பர் வெஸ்ட் சைட் பகுதியில் ஒற்றையறைக் கட்டடங்களின் உரிமையாளர்கள், ஆள் காலி செய்த அறைகளை ஐரோப்பிய இளைஞர்களுக்கு இரவுக் கணக்கில் இணையத்தில் விற்கத் தொடங்கினார்கள். நாற்பது வருடமாகக் குடியிருந்த மூதாட்டியின் அடுத்த அறையில் ஒவ்வொரு நாளும் புதுப்புது முதுகுப்பைகள். நகரம் மூன்று கட்டடங்கள் மேல் வழக்குப் போட்டது. ‘ஏ’ வகுப்புக் கட்டடம் பெரும்பாலும் நிலையாகக் குடியிருப்பவர்களுக்கு இருந்தால் போதும் என்றுதானே சட்டத்தில் இருக்கிறது, கொஞ்சம் அறைகளை வந்துபோகிறவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘பெரும்பாலும்’ என்ற அந்தச் சொல்லின் தெளிவின்மையைக் காட்டி நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஒரே ஒரு சொல்லைத் திருத்தத்தான் 2010ஆம் ஆண்டின் சட்டம் எழுதப்பட்டது. லிஸ் க்ரூகர், ரிச்சர்ட் காட்ஃப்ரீட் என்ற இரு மன்ஹாட்டன் சட்டமன்றப் பிரதிநிதிகள் கொண்டுவந்தார்கள். ஆளுநர் டேவிட் பேட்டர்சன் ஜூலையில் கையெழுத்திட்டார். குடியிருப்பது என்றால் ஒரே ஆள் அல்லது குடும்பம் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ இருப்பது. வீட்டுக்காரர் கூட இருக்கும்போது தங்கும் விருந்தாளிக்கு விலக்கு. ஒற்றையறைக்காரர்களைக் காப்பாற்ற வந்த இந்த வரிகள்தான் ஏர்பிஎன்பியின் கழுத்தைச் சுற்றிய கயிறாயின.

சான் பிரான்சிஸ்கோவில் மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் காற்று மெத்தை போட்டுக் கொடுத்துத் தொடங்கிய நிறுவனம் அது. ஆனால் வளர்ந்தது நியூயார்க்கில். 2009இல் அதன் நிறுவனர்கள் அங்கே வீடு வீடாகப் போய், கேமராவை வாடகைக்கு எடுத்து, அறைகளைத் தாங்களே படம் பிடித்தார்கள். 2013இல் கிழக்கு மன்ஹாட்டனில் தன் அறையைச் சில இரவுகளுக்கு விட்ட ஓர் இளைஞரின் வழக்கில் 2,400 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உடன் வசித்த நண்பர் அந்த நாட்களில் வீட்டிலேயே இருந்தார் என்பதால் மேல்முறையீட்டில் அது ரத்தானது. வீட்டில் ஆள் இருந்தால் விருந்தாளி. பழைய கோடு அப்படியே நின்றது.

2014 அக்டோபரில் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன் வெளியிட்ட அறிக்கை படத்தை மாற்றியது. நான்கரை ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து, 72 சதவீத முன்பதிவுகள் சட்டத்தை மீறியதாகத் தோன்றுகிறது என்றது. அறை விட்டவர்களில் 6 சதவீதம் பேர் பல வீடுகளை வைத்துத் தொழில் நடத்தியவர்கள்; மொத்த வருமானத்தில் 37 சதவீதம் அவர்கள் கைக்குப் போனது. மாத வாடகையை ஈடுகட்ட ஒரு படுக்கை விடுபவரும், பத்து வீட்டைக் காலி செய்து வைத்திருப்பவரும் ஒரே பக்கத்தில் ஒரே மாதிரிப் படங்களோடு நின்றார்கள். ஐந்து சென்ட் அறைகள் இருந்த லோயர் ஈஸ்ட் சைடும் அதிகம் சம்பாதித்த வட்டாரங்களில் ஒன்று.

அதன்பின் நடந்தவை வேகமானவை. 2016இல் விளம்பரம் செய்வதே குற்றமாகி 7,500 டாலர் வரை அபராதம் வந்தது. 2018இல் யார் யார் அறை விடுகிறார்கள் என்ற பட்டியலை மாதந்தோறும் கொடு என்று மாநகர மன்றம் கேட்டது. 2019 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி பால் எங்கல்மேயர் அதை நிறுத்திவைத்தார். அவருக்குக் கைகொடுத்த முன்தீர்ப்புகளில் முக்கியமானது பட்டேல் வழக்கு. அமெரிக்காவின் சிறிய மோட்டல்களில் பெரும்பங்கு குஜராத்திக் குடும்பங்களின் கையில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் காவல்துறை கேட்ட மாத்திரத்தில் விருந்தினர் பதிவேட்டைக் கொடுத்தாக வேண்டும் என்ற விதியை எதிர்த்து அப்படிப்பட்ட மோட்டல்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றார்கள். உழைத்துப் பிழைக்கும் சின்ன விடுதிக்காரர்கள் பெற்ற உரிமை, பல கோடி டாலர் நிறுவனத்துக்குக் கவசமாயிற்று. பின்னர் 2020இல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன.

தரவு கேட்டு அலுத்த நகரம் 2021 டிசம்பரில் வேறு வழி பிடித்தது. பதிவு எண் இல்லாத வீட்டுக்கு எந்தத் தளமும் பணம் வாங்கித் தரக் கூடாது. வாங்கினால் தளத்துக்கே அபராதம். 18ஆம் எண் சட்டம் எனப்படும் அதுதான் 2023 செப்டம்பரில் அமலானது. சில வாரங்களில் குறுகிய கால அறைகளில் பத்தில் எட்டுக்கும் மேல் பட்டியலிலிருந்து மறைந்தன. பல வீடுகள் மறைந்தன என்பதைவிட, 30 நாளுக்கு மேல் என்று பலகையை மாற்றிக்கொண்டன என்பதே சரி. வாடகை குறையவில்லை. 2023 கணக்கெடுப்பில் வாடகைக்குக் காலியாக இருந்த வீடுகள் 1.4 சதவீதம், 1968க்குப் பிறகு அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. ஓட்டல் தொழிலாளர் சங்கம் சட்டத்தை வரவேற்றது. புரூக்ளினில் இரண்டு குடும்ப வீடு வைத்திருக்கும் கறுப்பினக் குடும்பங்கள் பல, கீழ்த் தளத்து வருமானம் இல்லாமல் வீட்டுக்கடன் கட்ட முடியவில்லை என்று மாநகர மன்றத்தின் படியேறின. சிறு வீடுகளுக்கு விதியைத் தளர்த்தும் மசோதா ஒன்றும் 2024இல் வந்தது. நூறு ஆண்டு முன்பு அடுக்களையில் இடம் விட்ட குடும்பங்களின் முறையீடும் இதுவேதான்.

2024 டிசம்பரில் மன்றம் வேறொரு திட்டத்தை நிறைவேற்றியது. கட்டட விதிகளைப் பெரிய அளவில் தளர்த்திய அந்தத் திட்டத்தில், பொதுக் குளியலறையும் பொது அடுக்களையும் கொண்ட சிறிய அறைகளைக் கட்ட மண்டல விதிகளில் மீண்டும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 1955இல் மூடிய கதவை எழுபது ஆண்டு கழித்துத் திறக்கும் முதல் வேலை அது. பூட்டிக்கொள்ளத் தனிக் கதவுள்ள மலிவான அறைகள் இப்போதுதான் வரைபடத் தாளில் ஏறுகின்றன.

மில்ஸ் ஹவுஸ் பிளீக்கர் தெருவில் இன்னும் நிற்கிறது. 1970களில் அறைச் சுவர்களை இடித்து அதை அடுக்ககமாக்கினார்கள். பழைய கண்ணாடிக் கூரை முற்றங்களின் நினைவாக ஏட்ரியம் என்று பெயர். ஓர் இரவுக்கு 20 சென்ட் கொடுத்து ஆட்கள் வரிசையில் நின்ற வாசலில் இப்போது சீருடைக் காவலர். அங்குள்ள வீட்டுக்காரர் ஒருவர் வெளியூர் போகும்போது தன் வீட்டை யாருக்காவது நாலு நாள் வாடகைக்கு விட்டால், அது சட்ட மீறல்.